கல்லா? தெப்பமா?

பண்ணுருட்டியை ஒட்டினாற்போல் கெடில நதிக்கரையில் அமைந்திருக்கிறது திருவதிகை. சிவபெருமான் திரிபுரத்தை எரித்த வீரட்டானம் என்று புராணம் போற்றும் ஸ்தலம் அது. தமிழ் மக்களுக்கு மற்றொரு காரணத்தாலும் அவ்வூர் நெருக்கமானது. பாடலிபுத்திரத்துக்குப் போய்ப் பெரும் பதவி வகித்த தம்பி, சூலை நோயால் வாடி, தமக்கை திலகவதியாரைத் தேடித் திரும்பி வந்தது இங்கேதான். அந்தத் தம்பியே பின்னால் திருநாவுக்கரசர் ஆனார். பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் எறியச் செய்தான் என்றும், அந்தக் கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்தது என்றும் பெரிய புராணம் கூறுகிறது. கடலூருக்கு அருகில் 'கரையேறவிட்ட குப்பம்' என்று ஓர் ஊர் இன்றும் அந்த நினைவைத் தாங்கி நிற்கிறது.

இந்தச் சீமையிலிருந்து கடல் கடந்தவர்கள் கொஞ்சமல்ல. மோரீசுக்கும் நேட்டாலுக்கும் கரும்பு வெட்டப் போனவர்கள் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் உண்டு. இன்று சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் போகிறவர்கள் உண்டு. 2015-ஆம் வருஷம் எடுத்த ஒரு மதிப்பீட்டின்படி, தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு சென்று வாழ்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர். இவர்களுள் ஒவ்வொருவருக்கும், போய்ச் சேர்ந்த நாட்டின் குடியேற்றச் சட்டம் ஒன்று கழுத்தில் கட்டிய கல்லாக இருந்திருக்கிறது. அல்லது கரை சேர்க்கும் தெப்பமாக இருந்திருக்கிறது.

ஜனங்களை வரவழைக்கும் நாடுகள் தங்கள் சட்டம் பலித்ததா என்று அவ்வப்போது கணக்குப் பார்ப்பதுண்டு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள், சம்பளச் செலவு எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும். அது துறைமுகத்தில் நின்றுகொண்டு பார்க்கும் கணக்கு. நாம் திருவதிகையில் நின்றுகொண்டு பார்க்க விரும்புகிறோம். பண்ணுருட்டிச் சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவர்கள் மேல்தோலைக் கண்டு மயங்குவதில்லை; தட்டிப் பார்த்துச் சப்தத்தைக் கேட்டே விலை பேசுகிறார்கள். அதுபோல எந்தக் குடியேற்றச் சட்டத்தையும் மூன்று இடங்களில் தட்டிப் பார்க்கலாம். போகிறவன் கடனில்லாமல் போய்ச் சேர முடிகிறதா? போன இடத்தில் முதலாளி கொடியவனாக இருந்தால் அவனை விட்டு விலக முடிகிறதா? ஆயுளில் பெரும் பகுதியை அங்கே செலவிட்ட பிறகு, 'இது என் நாடு' என்று அவனோ அவன் மக்களோ சொல்ல முடிகிறதா?

மூன்று பவுன் வரி

முதலில் நேட்டாலைப் பார்ப்போம். 1860-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி, 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன் பின் ஐம்பது ஆண்டுகள் கப்பல் கப்பலாக நம்மவர் அங்கே போயினர். வட ஆர்க்காடும் தென்னார்க்காடும் அவர்களை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்களில் சேர்ந்தவை. ஐந்து வருஷம் கரும்புத் தோட்டத்தில் உழைக்க வேண்டும். பிறகு சுதந்திரம் என்பது ஒப்பந்தம்.

ஐந்து வருஷம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பவில்லை. காய்கறி பயிரிட்டார்கள், கடை வைத்தார்கள், சிறிது நிலமும் வாங்கினார்கள். அவர்களுடைய உழைப்பு வேண்டியிருந்த வெள்ளையருக்கு அவர்களுடைய வாழ்வு வேண்டியிருக்கவில்லை. 1895-இல் நேட்டால் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. அதன்படி, ஒப்பந்தம் முடிந்தவன் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் மறுபடியும் ஒப்பந்தத்தில் இறங்க வேண்டும். இரண்டும் மாட்டேனென்றால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். முதலில் அவர்கள் விதிக்க நினைத்தது 25 பவுன் என்று காந்தியடிகள் தமது சுயசரிதையில் எழுதுகிறார். பெண்களும் வயது வந்த பிள்ளைகளும் இந்த வரிக்கு விலக்கல்ல. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டு வரி 12 பவுன். குடும்பத் தலைவனின் மாதச் சம்பாத்தியமோ 14 ஷில்லிங்குக்கு மேற்படவில்லை என்கிறார் அவர். நேயர்களே கூட்டிப் பாருங்கள்: 12 மாதச் சம்பாத்தியம் 8 பவுன் 8 ஷில்லிங், வரி 12 பவுன்!

இந்தச் சட்டம் பலித்ததா? இந்தியரைக் குறைப்பதே அதன் நோக்கம். வரிக்கு அஞ்சிய பலர் மறுபடியும் ஒப்பந்தத்தில் வீழ்ந்தனரே தவிர நாட்டை விட்டு நீங்கவில்லை. 1913-இல் காந்தியடிகளின் அழைப்புக்கு இணங்கி நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தாள். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி அவள் பெற்றோரின் ஊர். அவள் பிறந்ததும் இறந்ததும் தென்னாப்பிரிக்காவில். அந்த வருஷமே வரி ரத்தாயிற்று. இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வம்சத்தினர் தென்னாப்பிரிக்காவில் அந்நாட்டுப் பிரஜைகளாக வாழ்கிறார்கள். விரட்டுவதற்காகச் செய்த சட்டம் விரட்டவுமில்லை. வருகிறவர்களை நாட்டுக்கு நண்பர்களாக்கவுமில்லை. இருபது வருஷத் துன்பம் ஒன்றே அதன் பலன்.

துண்டுச் சீட்டு

இலங்கையின் கதை இன்னும் நீளமானது. காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனவன் கங்காணி. வழிச் செலவுக்கு அவன் கொடுத்த முன்பணம் கூலியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதானால் துரையிடமிருந்து 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று எழுதிய சீட்டு அது. புதுத் துரை அந்தத் தொகையைக் கொடுப்பான். அதுவும் கூலிகளின் தலையில் விழும். தோட்டம் மாறும்போதெல்லாம் கடன் ஏறிற்றே ஒழிய இறங்கவில்லை.

இந்த ஏற்பாட்டால் துரைமார்களாவது நன்மை அடைந்தார்களா என்றால் அதுவுமில்லை. ஆட்களுக்காக ஒருவரோடொருவர் போட்டியிட்டு, துண்டுத் தொகையை உயர்த்தி, கடைசியில் தாங்கள் வைத்த பொறியில் தாங்களே அகப்பட்டுக்கொண்டு முறையிட்டார்கள். 1921-இல் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளியைக் கட்டி வைக்கும் காகிதம், கட்டினவனுக்கும் நஷ்டமே என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுவதில்லை.

இதனோடு மலேயாவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 1907-இல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். தமிழ்க் கூலிகளை வைத்துக்கொண்ட ஒவ்வொரு முதலாளியும் அதற்குப் பணம் செலுத்த வேண்டும். கப்பல் செலவு அதிலிருந்து கொடுக்கப்படும். ஆகவே நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன் பினாங்கில் கடனில்லாமல் இறங்கினான். மாதத் தவணையில் சொல்லிவிட்டு வேலையை விடவும் அவனுக்கு உரிமை இருந்தது. கூலி அற்பம், கள்ளுக்கடை அருகில், துரையின் பிடி கடுமை என்பதெல்லாம் உண்மைதான். ஆயினும் முதற் கேள்விக்கு மலேயாவின் சட்டம் இலங்கையைவிட நல்ல விடை அளித்தது. மூன்றாம் கேள்வியில் அதுவும் தவறிற்று. 1930-ஐ ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது, காடு வெட்டித் தோட்டம் அமைத்தவர்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள்.

ஐம்பத்தைந்து வருஷம்

துண்டு ஒழிந்த இலங்கையில், சுதந்திரம் வந்ததும் அதனினும் பெரிய சங்கடம் காத்திருந்தது. 1947-ஆம் வருஷத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்து, இலங்கை இந்தியர் காங்கிரஸைச் சேர்ந்த ஏழு பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். மறு வருஷமே பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. தகப்பனார் இலங்கையில் பிறந்தவர் என்பது போன்ற சாட்சியங்களைக் காட்டினால்தான் பிரஜை ஆகலாம் என்றது சட்டம். லயக் காம்பிராவில் பிறந்து லயக் காம்பிராவில் மடிந்தவர்களுக்குப் பிறப்புப் பதிவு ஏது? மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949-இல் வாக்குரிமையும் போயிற்று.

இதன் நோக்கம் என்ன? 'வந்தவர்கள்' தொகையைக் குறைத்து, நாட்டின் அரசியலை நிலைப்படுத்துவது என்றார்கள். நடந்ததைப் பாருங்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி பண்டாரநாயகாவும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் யோசிப்பது என்று பங்கு போட்டார்கள். அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாடுகளைப் பிரிக்கும்போதுகூடத் தாயையும் கன்றையும் சேர்த்து வைப்பது நம் ஊர் வழக்கம். இங்கே அண்ணன் ஒரு தேசம், தம்பி ஒரு தேசம் என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ! அவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் யார்?

கப்பலேறி வந்தவர்கள் தாய்நாடு என்று சொல்லப்பட்ட இடத்தில் அந்நியராய் நின்றார்கள். வராமல் தங்கியவர்களில் பலருக்கு இரண்டு தேசத்திலும் இடமில்லை. கடைசியில் இலங்கைப் பார்லிமெண்டு 2003-இல் ஒரு சட்டம் செய்து, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசித்து வந்த இந்திய வம்சத்தினருக்கும் அவர்கள் சந்ததியாருக்கும் பிரஜா உரிமை அளித்தது. 1948-இல் மறுத்ததை 2003-இல் கொடுத்தார்கள். இடையே கழிந்தவை ஐம்பத்தைந்து வருஷம், இரண்டு தலைமுறை. இறுதியில் செய்ய வேண்டியிருந்ததை முதலிலேயே செய்திருந்தால் அந்த மலைகளில் எவ்வளவு கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

இன்றைய சீட்டுகள்

பழைய கதை என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. இன்று கப்பலுக்குப் பதில் விமானம். கங்காணிக்குப் பதில் ஏஜெண்டு. நிலத்தை அடகு வைத்தும், தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை விற்றும் ஏஜெண்டுக்குப் பணம் கட்டுகிற குடும்பங்கள் நம் நடுவிலேயே இருக்கின்றன. பிள்ளை அங்கே உழைக்கும் முதல் வருஷம், சில இடங்களில் இரண்டு வருஷமும், இந்தக் கடனுக்கே சரியாய்ப் போகிறது. கடன் தலைமேல் இருக்கும்போது, சம்பளம் குறைந்தாலும் சாப்பாடு கெட்டாலும் அவன் வாய் திறப்பானா?

சிங்கப்பூரின் சட்டம் மிகத் திறமையாக நடத்தப்படுவது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று முதலாளி மாதந்தோறும் சர்க்காருக்குத் தீர்வை செலுத்த வேண்டும். ஜாமீன் கட்ட வேண்டும். வைத்தியத்துக்கு இன்ஷ்யூரன்ஸ் எடுக்க வேண்டும். வேலை இருக்கும் வரை பெர்மிட். பெர்மிட் முடிந்தால் ஊர். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் அந்த நகரின் மாடங்களைக் கட்டும் பெர்மிட்காரத் தமிழன் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. கட்டடமும் வேண்டும், கட்டுகிறவன் தங்கவும் கூடாது என்பது நோக்கமானால் அந்தச் சட்டம் பலித்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் 2020-ஆம் வருஷம் கொரோனா நோய் வேறொரு கணக்கைக் காட்டியது. அப்போது அந்நகரின் தொழிலாளர் விடுதிகளில் சுமார் 3,23,000 பேர் நெருங்கி வசித்தார்கள். அந்த வருஷ முடிவில் சர்க்கார் வெளியிட்ட விவரப்படி, அவர்களில் 100-க்கு 47 பேரை நோய் தொட்டிருந்தது. அவர்களை நல்ல முறையில் கவனித்ததால் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. இதற்காக அந்த சர்க்காரைப் பாராட்டவே வேண்டும். ஆயினும், தொழிலாளியின் படுக்கைக்கு எத்தனை அடி இடம் என்பது அவனுடைய சொந்த விஷயமல்ல, ஊர் முழுவதற்கும் சம்பந்தப்பட்ட விஷயம் என்ற பாடத்தை நோய் வந்துதான் கற்பிக்க வேண்டியிருந்தது. அதன் பின் 2021-இல் புது விடுதிகளுக்கு விதிகள் செய்தார்கள்: ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது என்று.

வளைகுடா நாடுகளில் வெகு காலமாக நடந்து வந்தது 'கபாலா' என்னும் முறை. வேலைக்கு அழைத்தவனே ஜாமீன்தாரன்; அவன் அனுமதியின்றி வேறு வேலைக்குப் போவதோ, சில தேசங்களில் நாட்டை விட்டுப் புறப்படுவதோகூட இயலாது. 'ஆட்சேபணை இல்லை' என்று முதலாளி எழுதித் தரும் கடிதம்தான் இலங்கைத் தோட்டத்துத் துண்டின் பேரப்பிள்ளை! கத்தார் தேசம் 2020-இல் அந்தக் கடிதம் வேண்டியதில்லை என்று சட்டம் திருத்தியது. 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலி என்றும் நிர்ணயித்தது. 1921-இல் இலங்கையில் கிழிக்கப்பட்ட சீட்டு கத்தாரில் கிழிய நூறு வருஷம் பிடித்தது. உலகம் கண்ணெடுத்துப் பார்த்த இடத்தில் சட்டம் மாறுகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும்; உலகக் கால்பந்துப் போட்டி 2022-இல் அங்கே நடப்பதாக இருந்ததல்லவா?

சட்டம் மாறியதும் வாழ்வு மாறிவிடும் என்று நினைப்பதற்கில்லை. 2024 ஜூன் 12-ஆம் தேதி விடியற்காலையில் குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த ஒரு கட்டடம் தீப்பற்றி எரிந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட இந்தியர் மாண்டனர். அவர்களில் எழுவர் தமிழ்நாட்டினர். கூலியை வங்கி மூலம் கொடு என்று விதிப்பது எளிது. உறங்குகிறவனுக்கு வெளியே ஓட வழி இருக்கிறதா என்று போய்ப் பார்க்க ஓர் அதிகாரி வேண்டும்; அவனுக்கு மனமும் வேண்டும்.

நம் வாசற்படியில்

பிற நாடுகளை இவ்வளவு தட்டிப் பார்த்த நாம், நம் நாட்டையும் தட்டிப் பார்க்க வேண்டாமா? ஏனெனில் நாமும் ஆட்களை ஏற்கும் நாட்டினராகிவிட்டோம்.

1983-ஆம் வருஷக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் தமிழ்நாடெங்கும் முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். 2021-ஆம் வருஷக் கணக்குப்படி 58,000-க்கு மேற்பட்டோர் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருந்தார்கள். அரிசியும் உதவித்தொகையும் பள்ளிக்கூடமும் தமிழ்நாட்டு சர்க்கார் கொடுத்து வந்திருக்கிறது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியதும் நல்லதே. ஆனால் முகாமில் பிறந்து, முகாமில் வளர்ந்து, கல்லூரியிலும் தேறிய பெண்ணுக்கு எந்தத் தேசத்தின் பாஸ்போர்ட்டு? முகாம்வாசிகளில் மலைநாட்டுத் தமிழரும் இருக்கிறார்கள். 1964-ஆம் வருஷ உடன்படிக்கையில் இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்ட வகையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அத்தகையோர் சிலர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய விண்ணப்பத்தை மத்திய சர்க்கார் கவனிக்க வேண்டுமென்று 2019 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதே வருஷக் கடைசியில் இந்தியப் பார்லிமெண்டு நிறைவேற்றிய பிரஜா உரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளே இடம்பெற்றன, இலங்கை இல்லை. மண்டபம் முகாமை நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தோட்டத்துக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்பிய இடம் அது. அதே இடத்தில் அவர்கள் வம்சத்தார் அகதிகளாக வந்து இறங்கினார்கள். இலங்கை ஐம்பத்தைந்து வருஷத்தில் திருத்திக்கொண்ட பிழையை நாம் எத்தனை வருஷத்தில் திருத்தப் போகிறோம்?

பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து நம் பாலங்களையும் வீடுகளையும் கட்டுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்கள் அந்நியரல்லர், இந்தியப் பிரஜைகள். ஆயினும் தகரக் கொட்டகையில் படுத்து, காண்டிராக்டரிடம் முன்பணம் வாங்கி, பாஷை தெரியாமல் விழிக்கும் அவர்களைக் காணும்போது, நேட்டாலிலும் நுவரெலியாவிலும் நம் முன்னோர் நின்ற கோலம் கண்முன் வரவில்லையா? 2023 மார்ச்சில் அவர்களை நாம் தாக்குவதாகப் பொய்ப் படங்கள் பரவியபோது, பலர் பயந்து ரயிலேறினார்கள். செய்தி பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை நம்பும் அளவுக்கு அவர்கள் நம்மிடையே தனித்திருந்தார்கள் என்பது பொய்யல்ல.

பண்ணுருட்டிக்கு இன்று பெயரும் பொருளும் தேடித்தரும் முந்திரி, பிரேஸில் தேசத்திலிருந்து போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம். அதன் பாட்டனார் எங்கே பிறந்தார் என்று எந்த அதிகாரியும் அதைக் கேட்கவில்லை. செம்மண்ணில் வேர் விட்டது. இந்த மண்ணின் மரமாயிற்று. மனிதனுக்கு மட்டும் அந்த வழி கடினமாக இருக்கிறது.

நாம் கண்ட உண்மை இதுதான். உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பவனை ஒதுக்க எண்ணிய சட்டம், தான் நினைத்த காரியத்தையும் நெடுநாள் சாதித்ததில்லை. கடனை நீக்கி, கால்கட்டை அவிழ்த்து, காலம் கழிந்தபின் ஊரார் என்று ஒப்புக்கொண்ட இடங்களில் வந்தவனும் வாழ்ந்தான், நாடும் வாழ்ந்தது.

ஆகையால், பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. ஏஜெண்டு சர்க்காரில் பதிவு பெற்றவரா, முதலாளியை மாற்றிக்கொள்ள அந்நாட்டில் வழி உண்டா, படுக்கும் இடம் எப்படிப்பட்டது என்பதையும் கேட்கட்டும். நம் பார்லிமெண்டில் அமர்ந்திருப்பவர்கள் அயல் சர்க்கார்களோடு ஒப்பந்தம் செய்யும்போது இதே கேள்விகளை மேஜைமேல் வைக்கட்டும். அவற்றைத் தைரியமாகக் கேட்க வேண்டுமானால், முகாமில் பிறந்த குழந்தைக்கும் தகரக் கொட்டகையில் உறங்கும் தொழிலாளிக்கும் முதலில் நாம் விடை சொல்லியாக வேண்டும்.